தொடரில் நடித்த பிள்ளை பெரியவராகும் வரை: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

2004 முதல் 2007 வரை சன் டிவியில் ‘மை டியர் பூதம்’ ஓடியது. மூசாவாக வந்த அபிலாஷையும் கௌரியாக வந்த நிவேதா தாமஸையும் அன்றைய பள்ளிப் பிள்ளைகள் இன்றும் அந்தப் பாத்திரப் பெயரோடுதான் நினைவில் வைத்திருக்கிறார்கள். நிவேதா மலையாளக் குடும்பத்துப் பெண், வளர்ந்தது சென்னையில். 2008இல் ‘குருவி’யில் விஜய்யின் தங்கையாக நடித்தார். அதே ஆண்டு வந்த ‘வெறுதே ஒரு பார்ய’ என்ற மலையாளப் படம் அவருக்குக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருதைத் தந்தது. பிறகு எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தார். 2015இல் ‘பாபநாசம்’ படத்தில் கமல்ஹாசனின் மகள், 2020இல் ‘தர்பார்’ படத்தில் ரஜினிகாந்தின் மகள். இடையில் தெலுங்கில் கதாநாயகி. 2024இல் வந்த ‘35’ என்ற தெலுங்குப் படத்தில் இரண்டு பையன்களுக்குத் தாயாக நடித்ததற்குத் தெலங்கானா அரசின் கத்தர் விருதும் கிடைத்தது.

இந்த வரிசையைப் படிக்கும்போது படங்களின் பெயர்கள்தான் கண்ணில் படும். எனக்கு முக்கியமாகத் தெரிவது நடுவில் உள்ள பள்ளி, கல்லூரி ஆண்டுகள். பூதத்தோடு விளையாடிய சிறுமி அந்த ஆண்டுகளைக் கடந்து, படிப்பையும் கையில் வைத்துக்கொண்டு கேமரா முன் நின்றார். மயிலாப்பூரிலோ தி.நகரிலோ அடையாறிலோ, “உங்க பொண்ணு துறுதுறுன்னு இருக்கா, சீரியல்ல நடிக்க வைக்கலாமே” என்று யாராவது சொல்லி, வீட்டில் பேச்சு ஆரம்பித்திருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நோக்கம் ஒன்றுதான். 18 வயது நிறையும் நாளில் உங்கள் பிள்ளை நடிப்பைத் தொடரவும் முடிய வேண்டும், விட்டுவிட்டுப் போகவும் முடிய வேண்டும். இரண்டு கதவும் திறந்திருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: ‘சரி’ சொல்வதற்கு முன்

சினிமாவுக்கு முடிவுத் தேதி உண்டு. சில ஸ்கெட்யூல்களில் பிள்ளையின் பகுதி முடிந்துவிடும், படம் வரும், போகும். தொடர் அப்படியில்லை. டிஆர்பி நிற்கும்வரை கதை நிற்கும். இரண்டு ஆண்டும் ஆகலாம், நான்கு ஆண்டும் ஆகலாம். அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். கதை திடீரென்று ‘பத்து ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று தாவினால், ஒரே வாரத்தில் அந்தப் பாத்திரம் வேறொரு வளர்ந்த நடிகருக்குப் போய்விடும். நேற்றுவரை ‘செல்லம்’ என்று அழைத்த யூனிட்டிலிருந்து இன்று அழைப்பு வராது. பிள்ளைக்கு இது முதல் நாளே சொல்லப்பட்டிருக்க வேண்டும்: “இந்த வேலை ஒருநாள் முடியும், அது உன் தப்பாக இருக்காது.”

பேச்சுவார்த்தையின்போது மேனேஜரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை நாள் கால்ஷீட்? ஷூட்டிங் ஹவுஸ் எங்கே? சம்பளம் நாள் கணக்கா, எபிசோட் கணக்கா, எத்தனை நாளில் கைக்கு வரும்? பயணத்துக்கும் பேட்டாவுக்கும் யார் பொறுப்பு? பிள்ளைக்கு டப்பிங் யார்? பிறகு, எல்லாரும் கேட்க மறக்கும் கேள்வி: கதையில் பிள்ளைக்கு என்ன நடக்கிறது? நம் தொடர்களில் குழந்தைகள் கடத்தப்படுவார்கள், அடி வாங்குவார்கள், தாயின் பிணத்தருகே அழுவார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு ‘இது நடிப்பு’ என்று தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உடம்பு அழும்போது மனசும் கொஞ்சம் அழும். அப்படிப்பட்ட காட்சி இருந்தால் முன்கூட்டியே தெரிய வேண்டும், எடுக்கும்போது பெற்றோரில் ஒருவர் கண்ணெதிரே நிற்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், போர்ட்ஃபோலியோ பேக்கேஜ் என்று உங்களிடம் பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வேலை கொடுப்பவர் சம்பளம் தருவார், கேட்கமாட்டார்.

படி 2: சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன். நடிக்க வரும் குடும்பங்களில் பலருக்கும் இப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது.

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது, 2016இல் திருத்தப்பட்டது. 14 வயது நிறையாதவரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்பது அதன் அடிப்படை. விலக்குகள் இரண்டே இரண்டு. பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் கைகொடுப்பது ஒன்று. திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், விளம்பரம் போன்றவற்றில் கலைஞராக இருப்பது மற்றொன்று. சர்க்கஸுக்கு அந்த விலக்கு இல்லை. நடிப்புக்குக் கிடைத்த விலக்கும் நிபந்தனைகளோடுதான் வருகிறது. படிப்பு கெடக் கூடாது என்பது முதல் நிபந்தனை. மற்ற நிபந்தனைகளை 2017ஆம் ஆண்டின் விதிகள் விரிவாகச் சொல்கின்றன.

ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிள்ளையை வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் வேலை கூடாது. படப்பிடிப்பு தொடங்கும் முன்பே தயாரிப்பாளர் அந்த மாவட்ட ஆட்சியரின் அனுமதியைப் பெற வேண்டும். பங்கேற்கும் பிள்ளைகளின் பட்டியல், பெற்றோரின் சம்மதம், பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் பெயர் ஆகியவற்றோடு ஓர் உறுதிமொழிப் படிவமும் கொடுக்க வேண்டும். அந்த உறுதிமொழி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவராவது பொறுப்பாளர் இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சத்தான சாப்பாடு, சுத்தமான தங்குமிடம், படிப்பு விட்டுப்போகாமல் இருக்க ஏற்பாடு எல்லாம் அதில் அடங்கும். கடைசி விதி எனக்கு மிகப் பிடித்தது: பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக எதிலும் ஈடுபடுத்தக் கூடாது. பெற்றோர் கையெழுத்துப் போட்ட பிறகும், “இன்னிக்கு எனக்கு வேண்டாம்” என்று பிள்ளை சொன்னால் அதற்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு.

படப்பிடிப்பு நடக்கும் இடத்தின் ஆட்சியர்தான் அனுமதி தர வேண்டியவர் என்பதைக் கவனியுங்கள். சென்னைக்குள் என்றால் ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகையில் உள்ள ஆட்சியர் அலுவலகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பக்கம் எடுத்தால் செங்கல்பட்டு ஆட்சியர். அனுமதி வாங்குவது உங்கள் வேலை இல்லை, தயாரிப்பு நிறுவனத்தின் வேலை. ஆனால் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது உங்கள் வேலை. “அதெல்லாம் யாரும் கேக்கறதில்லைங்க” என்று பதில் வந்தால், இன்னொரு முறை கேளுங்கள். கேட்கும் பெற்றோர் நாலு பேர் சேர்ந்தால் வழக்கம் தானாக மாறும்.

செட்டில் யாராவது பிள்ளையிடம் தவறாக நடந்தால், மிரட்டினால், பட்டினி போட்டால், 1098 என்ற எண்ணை அழைக்கலாம். பாலியல் குற்றம் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. ‘வாய்ப்புப் போய்விடுமே’ என்ற பயத்தில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 3: பணம் பிள்ளையுடையது

1921இல் சாப்ளினின் ‘தி கிட்’ படத்தில் நடித்து உலகமே கொஞ்சிய பையன் ஜாக்கி கூகன். பெரியவனாகிக் கணக்குக் கேட்டபோது, சம்பாதித்ததில் பெரும்பகுதி செலவாகிவிட்டது தெரிந்தது. 1938இல் சொந்தத் தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் வழக்குத் தொடர வேண்டியதாயிற்று. கைக்கு வந்தது சொற்பம். அந்த வழக்கின் விளைவாக 1939இல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது, கூகனின் பெயராலேயே அது அறியப்படுகிறது. குழந்தை நடிகரின் வருமானத்தில் இன்று அங்கே 15 விழுக்காட்டைப் பிள்ளையின் பெயரில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

நம் நாட்டு விதி அதைவிட ஒரு படி மேலே நிற்கிறது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டை நாட்டுடைமை வங்கியில் பிள்ளையின் பெயரில் நிரந்தர வைப்பாக நேரடியாகச் செலுத்த வேண்டும். 18 வயதுக்குப் பிறகு அது பிள்ளைக்குக் கிடைக்கும். ‘நேரடியாக’ என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கணக்குக்கு வந்து, பிறகு நேரம் கிடைக்கும்போது போடுவது விதியின் கருத்து அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 3,000 ரூபாய், மாதம் பத்து நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் மாதம் 30,000. அதில் 20 விழுக்காடு 6,000. இரண்டு ஆண்டு ஓடும் தொடரில் வட்டி சேராமலே 1,44,000 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் 18 வயதில் ஒரு கல்லூரிக் கட்டணத்துக்கோ, நல்ல கேமராவுக்கோ யாரிடமும் கைநீட்டாமல் நிற்க அது போதும். என் கருத்தில் 20 விழுக்காடு என்பது சட்டம் சொல்லும் தரை, கூரை இல்லை. போக்குவரத்து, உடை, உடன் போகும் தாய் வேலையை விட்டிருந்தால் அவர் இழந்த சம்பளம் இவற்றை நேர்மையாகக் கழித்துக்கொண்டு மீதி முழுவதையும் பிள்ளையின் பெயரில் போடுவதுதான் நியாயம். பெண் குழந்தைக்கு 10 வயது நிறையும் முன் செல்வமகள் சேமிப்புக் கணக்கும் தொடங்கலாம்; ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை அதில் போட இடமுண்டு.

வரி விஷயத்தில் பலரும் குழம்புகிறார்கள். சாதாரணமாக மைனர் பிள்ளையின் வருமானம் பெற்றோரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். பிள்ளை தன் திறமையால் சம்பாதித்ததற்கு மட்டும் அது பொருந்தாது. அது பிள்ளையின் சொந்த வருமானம். அந்தப் பணத்தை வைப்பில் போட்டால் வரும் வட்டி மட்டும் பெற்றோர் கணக்கில் சேரும். ஆகவே பிள்ளையின் பெயரில் பான் கார்டு எடுங்கள். சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறுங்கள். வீட்டருகே உள்ள ஒரு ஆடிட்டரிடம் ஆண்டுக்கு ஒருமுறை போய்வந்தால் போதும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, தொடரின் பெயர், இடம், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், வர வேண்டிய தொகை, வந்த தொகை என்று எழுதி வாருங்கள். பத்து வயது ஆனதும் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள்.

படி 4: பள்ளியோடு உடன்பாடு

படப்பிடிப்புக்காக அடையாறிலிருந்து சாலிகிராமமோ வளசரவாக்கமோ போக, காலை நேரத்தில் ஒரு மணி நேரம் சாதாரணமாக ஆகும். பூந்தமல்லி தாண்டி ஈவிபி ஃபிலிம் சிட்டி பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். விதியின் ஐந்து மணி நேரம் பிள்ளையின் வேலை நேரத்தைத்தான் எண்ணுகிறது. பிள்ளையின் உடம்போ, வீட்டுப் படியை விட்டு இறங்கிய நேரத்திலிருந்து எண்ணுகிறது. ஆகவே முழுநாள் விடுப்பைவிட, சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்களில் பிள்ளையின் காட்சிகளைச் சேர்த்து எடுக்கும்படி கேளுங்கள். இயக்குநர் குழுவில் அசோசியேட்டுகள்தான் கால அட்டவணையைக் கையாள்பவர்கள். அவர்களிடம் தேர்வு அட்டவணையை மூன்று மாதம் முன்பே கொடுத்துவிட்டால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள்.

தலைமை ஆசிரியரை நேரில் பார்த்து, எழுத்தில் அனுமதி கேளுங்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: பிள்ளையை வகுப்பில் தொடர் பெயர் சொல்லி அழைக்க வேண்டாம், ஆண்டு விழாவில் எல்லாப் பாத்திரமும் இவளுக்கே தர வேண்டாம். மற்ற பிள்ளைகளில் ஒருத்தியாக இருக்கும் உரிமை அவளுக்கு அந்த ஒரு கட்டடத்தில்தான் மிச்சமிருக்கிறது.

பத்தாம் வகுப்பு ஆண்டிலும் பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டிலும் தொடர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏதோ காரணத்தால் வழக்கமான பள்ளி விட்டுப்போயிருந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வு எழுதலாம். ஆனால் அதை முதல் திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 5: செட்டில் கற்பதும், மறக்க வேண்டியதும்

தொடர் நல்ல பள்ளிதான். குறி பார்த்து நிற்பது, வெளிச்சம் எங்கே என்று உணர்வது, முந்தைய ஷாட்டில் எந்தக் கையில் பென்சில் இருந்தது என்ற கன்டினியூட்டி, பத்துப் பேர் பேசும் இடத்தில் கவனம் சிதறாமல் இருப்பது: இவை எல்லாம் எந்த வகுப்பிலும் இவ்வளவு சீக்கிரம் வராது.

சில கெட்ட பழக்கங்களும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நாளுக்கு இத்தனை காட்சி முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் ப்ராம்ப்டிங் வழக்கமாகிவிட்டது. உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று வசனத்தை எடுத்துக்கொடுப்பார், பிள்ளை அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும். சொல்லும் வரியின் பொருள் மனசில் ஏறாது. எதிரே நிற்பவர் பேசுவதைக் கேட்டு முகம் மாறும் பழக்கமும் வராது, ஏனென்றால் காது ப்ராம்ப்டர் பக்கம் இருக்கும். இத்தோடு டப்பிங்கும் வேறொருவர் செய்துவிட்டால், பிள்ளை தன் குரலால் நடித்ததே இல்லை என்றாகிவிடும். வளர்ந்த பிறகு சினிமா ஆடிஷனில் இரண்டு பக்க வசனத்தைக் கொடுத்து ஒரே டேக்கில் பேசச் சொல்லும்போது இந்தக் குறை தெரியும்.

மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. முந்தின நாள் இரவே காட்சியைக் கேட்டு வாங்கி, வீட்டில் கதையாகச் சொல்லி, வசனத்தைப் பிள்ளையின் வாயில் படியவிடுங்கள். தன் குரலில் தானே டப்பிங் பேச வாய்ப்புக் கேளுங்கள். டப்பிங் தனியே ஒரு தொழிலும்கூட. குழந்தையாக இருந்தபோதே டப்பிங் பேசத் தொடங்கிய ரவீனா ரவி, பல கதாநாயகிகளுக்குக் குரல் கொடுத்து, பிறகு ‘ஒரு கிடாயின் கருணை மனு’வில் தானே கதாநாயகியானார். பையன்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: குரல் உடையும் பருவத்தில் கத்தி அழும் காட்சிகளுக்குத் தொண்டையைப் பணயம் வைக்காதீர்கள்.

படி 6: பன்னிரண்டு முதல் பதினேழு வரை

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான்.

குழந்தைப் பாத்திரத்துக்கு வயது கூடிவிட்டது, வாலிபப் பாத்திரத்துக்கு வயது போதவில்லை. முகத்தில் பரு, பல்லில் கம்பி, திடீர் உயரம். போன் வருவது நின்றுவிடும். பிள்ளை கேட்க மாட்டாள், ஆனால் மனசுக்குள் ஒரு கேள்வி ஓடும்: “நான் அழகா இல்லாம போயிட்டேனா?” பெற்றோர் இந்த நேரத்தில் பதறி, பழைய போட்டோக்களை எடுத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவதுதான் பெரிய கேடு.

1960இல் ஏவி.எம்.மின் ‘களத்தூர் கண்ணம்மா’வில் அறிமுகமான கமல்ஹாசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1962, 63இல் ‘பார்த்தால் பசி தீரும்’, ‘பாத காணிக்கை’, ‘வானம்பாடி’, ‘ஆனந்த ஜோதி’ என்று படங்கள் வந்தன. அதன்பிறகு குழந்தை நட்சத்திரமாக வேலை இல்லை. அந்த இடைவெளியில் அவர் அவ்வை டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவில் சேர்ந்தார். நடனம் கற்றார். நடன இயக்குநர் தங்கப்பனிடம் உதவியாளராக வேலை பார்த்தார். 1973இல் கே. பாலசந்தரின் ‘அரங்கேற்றம்’ வந்தபோது, அவரிடம் மேடையும் தாளமும் இருந்தன. 1996இல் ஒரு படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயர் வைத்ததில் அந்த நாடகப் பள்ளியின் மீதான நன்றி தெரிகிறது. பள்ளிப் படிப்பை அவர் பாதியில் விட்டதை மட்டும் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வழியில் போய்க் கரையேறாதவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

இன்றைய பிள்ளைக்கும் தென்சென்னையில் அதே வசதி காலடியில் இருக்கிறது. ஆழ்வார்பேட்டை நாரத கான சபாவில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா, தி.நகரில் வாணி மஹால், கிருஷ்ண கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் மேடை என்று நாடகம் பார்க்க இடம் ஏராளம். வெறுமனே பார்த்துவிட்டு வராமல், ஒரு குழுவில் சேர்த்துவிடுங்கள். முதல் ஆண்டு திரை இழுக்கட்டும், மேடைப் பொருள்களை எடுத்து வைக்கட்டும். நாடகத்தில் ப்ராம்ப்டர் காதுக்குள் வந்து பேச முடியாது, தவறினால் தானே சமாளிக்க வேண்டும். தொடரில் ஒட்டிக்கொண்ட பழக்கம் தானே உதிர்ந்துவிடும். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து வந்த நடிகர்கள் தமிழ் சினிமாவில் எப்படி நிற்கிறார்கள் என்று பசுபதியையும் கலைராணியையும் பார்த்தால் தெரியும். நடனத்தில் நாட்டமிருந்தால் திருவான்மியூர் கலாக்ஷேத்ரா. எதிலும் நாட்டமில்லை, கிரிக்கெட் ஆடப் போகிறேன் என்றால் பெசன்ட் நகர் மைதானம். அதுவும் நல்லதுதான். கேமரா பார்க்காத ஒரு பொழுது அந்த வயதில் மிகவும் தேவை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் கூடுதலாக ஒன்று. 1976இல் ‘மூன்று முடிச்சு’வில் கதாநாயகியாக வந்தபோது ஸ்ரீதேவிக்கு வயது 13. அந்தக் காலத்துக் கதையாக அது இருக்கட்டும். “கொஞ்சம் மேக்கப் போட்டா ஹீரோயினா தெரிவா” என்று யாராவது சொன்னால், ‘பதினெட்டு ஆகட்டும் சார்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுங்கள்.

படி 7: தெருவும் போனும்

பாண்டி பஜாரில் துணி எடுக்கும்போது நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்தில் யாரோ கன்னத்தைக் கிள்ளுவார்கள். அன்பில்தான் செய்கிறார்கள், ஆனாலும் தொடக் கூடாது என்று சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு. அவளுக்காக நீங்கள் சொல்லுங்கள். செல்ஃபி வேண்டாம் என்று பிள்ளை முகம் சுளித்தால், ‘பாவம், ஒரு போட்டோதானே’ என்று தள்ளிவிடாதீர்கள்.

சமூக ஊடகக் கணக்கை நீங்கள் நடத்தினாலும் பள்ளியின் பெயர், சீருடை, வீட்டுத் தெரு, டியூஷன் போகும் நேரம் எதுவும் தெரியக் கூடாது. கமென்ட்டுகளைப் பிள்ளை படிக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு ‘அப்போ இப்படி, இப்போ எப்படி இருக்கிறார் பாருங்கள்’ என்று இரண்டு படங்களை ஒட்டிப் போடும் யூடியூப் சானல்கள் வரும். அன்று தேவைப்படும் தைரியத்தை இன்றே ஊட்ட வேண்டும். அது வீட்டில் கிடைக்கும் மரியாதையிலிருந்துதான் வரும். தம்பிக்கோ அக்காவுக்கோ இல்லாத சலுகை நடிக்கும் பிள்ளைக்கு வீட்டில் வேண்டாம். தட்டு எடுத்து வைப்பதும் பாய் மடிப்பதும் அவளுக்கும் உண்டு.

படி 8: எந்த வழி?

திரும்பி வரும் வழிகள் பல. கைக்குழந்தையாக ‘முந்தானை முடிச்சு’வில் தோன்றிய சுஜிதா, 2018இல் தொடங்கிய ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில் தனம் என்ற பாத்திரமாக வீடு வீடாகத் தெரிந்தவரானார். அவருடைய அண்ணன் ‘மாஸ்டர் சுரேஷ்’ என்ற பெயரில் ‘மௌன கீதங்கள்’ படத்தில் நடித்த சிறுவன். வளர்ந்ததும் சூர்யகிரண் என்ற பெயரில் தெலுங்கில் ‘சத்யம்’ படத்தை இயக்கினார். ‘தேவர் மகன்’ படத்தில் சிறுமியாக வந்த நீலிமா ராணி, ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ என்று தொடர்களில் வேரூன்றினார். 1965இல் ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தில் இரட்டை வேடத்தில் நடித்த குட்டி பத்மினி, பிற்காலத்தில் ‘கிருஷ்ணதாசி’ போன்ற தொடர்களின் தயாரிப்பாளர்.

கேமராவுக்குப் பின்னே போக விருப்பமென்றால் தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, இயக்கம் எல்லாம் முறையாகக் கற்கலாம். செட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அங்கே பாதிப் பாடம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

விலகிப் போவதும் ஒரு வழிதான். ஆர்.கே. நாராயணின் கதைகளை வைத்து சங்கர் நாக் எடுத்த ‘மால்குடி டேஸ்’ 1980களில் தூர்தர்ஷனில் வந்தபோது, சுவாமியாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத்தை இந்தியா முழுவதும் கொண்டாடியது. 1990இல் ‘அக்னிபத்’ படத்தில் சிறுவயது அமிதாப்பாக நடித்ததும் அவர்தான். பதின்ம வயது முடியும்போது நடிப்பை விட்டார், படித்தார், பெங்களூரில் மக்கள் தொடர்புத் துறையில் வேலைக்குப் போனார். ‘ஏன் நடிக்கவில்லை’ என்ற கேள்வியை அவரிடம் இன்றும் கேட்கிறார்கள். உங்கள் பிள்ளையிடம் அந்தக் கேள்வியை நீங்களாவது கேட்காமல் இருங்கள். அம்மாவின் ஆசைக்காகப் பதினெட்டு வயதில் ஆடிஷன் வரிசையில் நிற்பதைவிட, தன் ஆசைக்காக பி.காம். படிப்பது எவ்வளவோ மேல்.

படி 9: பதினெட்டு நிறைந்ததும் செய்ய வேண்டியவை

மைனர் பான் கார்டில் போட்டோவும் கையெழுத்தும் இருக்காது. இரண்டையும் சேர்த்துப் புதிய அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஆதாரில் 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகைப் புதுப்பிப்பு விட்டுப்போயிருந்தால் முதலில் அதை முடியுங்கள், இல்லாவிட்டால் வங்கியில் நிற்கும். பிறகு பிள்ளையை வங்கிக்கு அழைத்துப் போய், மைனர் கணக்கைச் சொந்தக் கணக்காக மாற்றி, வைப்பு ரசீதுகளை ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். வேலைக் கணக்கு எழுதிவந்த அந்த நோட்டுப் புத்தகத்தையும் கொடுங்கள். எது செலவானது, எதற்குச் செலவானது என்று உட்கார்ந்து விளக்குங்கள். வீட்டுக் கடனுக்கோ அக்கா கல்யாணத்துக்கோ எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நடிப்பைத் தொடர விரும்பினால், அறிமுகக் குறிப்பில் பழைய தொடரை ஒரு வரியில் சொன்னால் போதும். குழந்தைப் பருவப் போட்டோ அதில் வேண்டாம். ஆடிஷன் எடுப்பவர் இன்றைய முகத்தைப் பார்க்க வேண்டும். மேக்கப் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படம், தன் குரலில் பேசிய இரண்டு நிமிட வீடியோ, தெரிந்த மொழிகள், உயரம். ‘பேபி’, ‘மாஸ்டர்’ என்ற அடைமொழியை எடுத்துவிட்டு முழுப் பெயரைப் போடச் சொல்லுங்கள். தி.நகர் ஹபிபுல்லா சாலையில் உள்ள தென்னிந்திய நடிகர் சங்கம், சின்னத்திரை நடிகர் சங்கம், டப்பிங் யூனியன் இவற்றில் எதில் உறுப்பினராக வேண்டும் என்பதைச் செய்யப் போகும் வேலையைப் பொறுத்து முடிவு செய்யலாம். இனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் பிள்ளை. படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறாளா என்று மட்டும் முதல் ஒன்றிரண்டு தடவை பக்கத்தில் இருந்து பாருங்கள்.